துணைத்தலைவரின் மாலை அமைதித் திட்டம்

செஞ்சி கடைத்தெருவில் பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரே ஆள் ஆதிநாராயணன். இது எல்லோருக்கும் தெரியும்; அவரே சொல்லியிருக்கிறார். பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். வணிகர் சங்கத்தின் துணைத்தலைவர். அவருடைய விசிட்டிங் கார்டில் ‘துணை’ என்பது மட்டும் கடுகளவில் இருக்கும். அது அச்சகத்துக்காரர் செய்த பிழை அல்ல. போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவில் மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பொன்னாடை போர்த்தினார்கள். அதை மடிக்காமல் தோளில் போட்டபடியே கடைக்கு வந்து, விளக்கு வைக்கிற நேரம் வரை அப்படியே வியாபாரம் பார்த்தார்.

அப்பேர்ப்பட்டவர், புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் ஒரு சின்னப் பெண் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு “நாராயணா, நாராயணா” என்று முனகினார்.

“நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு,” என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “இந்த பி.பி.யோட கண்ணுல கை வைக்க முடியாதுங்க. நூத்தம்பதுக்குக் கீழ கொண்டு வாங்க. மாத்திரை எழுதித் தர்றேன், பத்து நாள் கழிச்சு வாங்க. சாயங்காலத்துல கடை, போன், சங்கம் எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுல நிம்மதியா உக்காருங்க. உங்களுக்கு இருக்கறதே ஒரு கண்ணு. அதுவும் முத்திப்போச்சு. இதுக்கு மேல தள்ளிப்போட்டா எனக்கே பயமா இருக்கு.”

டாக்டருக்கே பயமாக இருக்கிறது என்ற செய்தி அவருடைய பி.பி.க்கு ஒரு நன்மையும் செய்யவில்லை.

‘ஒரு கண்’ என்பது குடும்ப ரகசியம். இடது கண் பதினோரு வயதில் கிட்டிப்புள் பட்டுப் போனது. பார்க்க மற்றக் கண்ணைப் போலவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. சங்கத்துச் செயற்குழுவில் பாதிப் பேரைப் போல. மனைவி சுமலதாவுக்கே கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். இப்போது மிச்சமிருந்த வலது கண்ணில் புரை. முதலில் கொசுவலை வழியாகப் பார்ப்பது போல இருந்தது. பிறகு வேட்டி வழியாக. போன வாரம் துணிக்கடை வாசலில் பட்டு வேட்டி கட்டி நின்ற பொம்மையைத் தாசில்தார் என்று நினைத்து, குனிந்து வணக்கம் வைத்து, “ஐயா எப்ப வந்தீங்க?” என்று கேட்டார். கடைத்தெரு கைகொட்டிச் சிரித்தது. “தலைவருக்குக் குசும்பப் பாரேன்!” என்றார் எதிர்க்கடை பொன்னுசாமி. இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டார்.

“சுமா, இதுவும் போயிட்டா?”

“போவாது. கால் கழுவிட்டு வாங்க.”

புதுச்சேரியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், திண்டிவனம் தாண்டியதும், வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். பஸ், வயல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமலதா எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போயின. சட்டென்று கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு செஞ்சி வரும்வரை சுமலதாவின் புடவைத் தலைப்பு அவர் விரலில் சுற்றியிருந்தது. காற்றில் பறக்கிறது என்று காரணம் சொன்னார்.

*

சென்னையில் வேலை பார்க்கும் மகள் இளவேனில் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். “நைனா, சாயங்காலத்துக்கு ஒரு ரொட்டீன் வேணும். நான் சொல்றத அப்படியே பண்ணுங்க,” என்று போனில் சொன்னாள். ஆறரைக்கு மேல் டியூப் லைட் கூடாது, மங்கலான மஞ்சள் விளக்கு. டி.வி. கூடாது. ஏதாவது வாசனை. வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும் போட்டு அரை மணி நேரம் காலை ஊறவைக்க வேண்டும். மறுநாளே பார்சல் வந்தது: ஒரு மஞ்சள் பல்பு, ஒரு சீசா வாசனை எண்ணெய், ஒரு டப்பா நிறைய ரோஜா உப்பு, ஒரு பி.பி. மெஷின்.

மகள் சொன்னதை அப்படியே செய்வது ஒரு துணைத்தலைவருக்கு அழகல்ல. அவர் அதைத் திட்டமாக்கினார். கடைப் பையனிடம் சொல்லி டைப் அடித்து, லேமினேட் செய்து கூடத்துச் சுவரில் மாட்டினார். ‘மாலை அமைதித் திட்டம். 6.30: ஒளி குறைத்தல். 6.40: மௌனம், வாசனை பரப்புதல். 6.50: நறுமணப் பொருட்கள் கலந்த நீரில் பாதம் ஊறல். 7.20: மனம் இலேசாதல். 7.25: பி.பி. அளவெடுத்தல்.’

சுமலதா படித்துப் பார்த்தாள். “மனசு லேசாவறதுக்கு அஞ்சு நிமிஷந்தானா?”

“போதும். அதிகமா குடுத்தா ஒழுங்கு கெட்டுப்போயிடும்.”

அட்டவணையைப் படம் பிடித்து, ‘நலமே வளம்’ என்று தலைப்பிட்டுச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இருபத்தேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது திட்டம் தொடங்கியது. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் விழுந்ததும் சுமலதா டியூப் லைட்டை அணைத்து மஞ்சள் பல்பைப் போட்டாள்.

மகள் அனுப்பிய படத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தில்தான் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியும். ஆதிநாராயணனுக்கோ கூடமே குழம்பில் கரைந்தது போலாகிவிட்டது. சுவர் எங்கே முடிகிறது, பீரோ எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. மூலையில் ஒரு ஆள் தலையைக் குனிந்தபடி நின்றான். நெடுநேரம் அசையவே இல்லை. அது ஆணியில் தொங்கிய தன் பொன்னாடை என்று தெரிவதற்குள் அவர் முதுகு நனைந்துவிட்டது.

“சுமா.”

“இன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. இருக்கிறியான்னு பாத்தேன்.”

“அடுப்பாண்டதான் இருக்கிறேன். ஆறு நாப்பதுல இருந்து மௌனம்னு நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க? பேசாம உக்காருங்க.”

ஆறு ஐம்பதுக்கு அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பாத்திரக் கடைக்காரன் பிளாஸ்டிக்கில் காலை வைப்பதா என்று அவர் கடையிலிருந்து அகல வாய் வைத்த ஒரு சின்னப் பித்தளை அன்னக்கூடை கொண்டுவந்திருந்தார். ரோஜா உப்பு போட்டதும் தண்ணீர் செக்கச்செவேலென்று சிவந்தது. எலுமிச்சையை வட்ட வட்டமாக மெலிதாக நறுக்கச் சொல்லியிருந்தாள் மகள். சுமலதாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இரண்டு பழத்தைச் சாறு பிழிய நறுக்குவது போலப் பாதி பாதியாக நறுக்கி, நாலு மூடியாகப் போட்டுவிட்டுப் போனாள்.

அவருக்கு நிறமும் தெரியவில்லை, பழமும் தெரியவில்லை. நறுமணப் பொருட்கள் என்று தானே எழுதி மாட்டிவிட்டு, ‘அதெல்லாம் இன்னா?’ என்று கேட்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

காலை வைத்தார். சூடு இதமாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடம் போயிருக்கும். வழுவழுவென்று ஏதோ ஒன்று வந்து வலது கணுக்காலில் முட்டியது.

அவர் மூச்சை நிறுத்தினார். அது விலகிப் போனது. மீண்டும் வந்து, விரல்களுக்கிடையில் மூக்கை நுழைத்தது போல இருந்தது.

தவளை. சந்தேகமே இல்லை. நாலு நாளாக மழை. கிணற்றடி முழுக்கத் தவளைதான். அல்லது தவளையைத் தேடி வந்தது எதுவோ. குனிந்து பார்த்தார்; இருட்டில் ஒரு இருட்டு மிதந்தது. ‘சுமா’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் அவள் வந்து கையை விட்டு எடுத்துப் போட்டிருப்பாள். ஆனால் முப்பது வருடமாகப் பயமில்லாதவராக இருந்த ஒருவர், அன்னக்கூடையில் இருக்கும் தவளைக்காகக் கூச்சல் போட முடியுமா? கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஊற்றலாமென்றால் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். அவள் தன் முகத்தைப் பார்த்துவிடுவாள். வாசல் சாக்கடையைப் போன மாதம்தான் சிமெண்டு பலகை போட்டு மூடியிருந்தார்கள். திறப்பு இருப்பது தெருமுனையில், மூன்று தெரு கூடும் இடத்தில்.

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வாசலில் இறங்கினார். உள்ளே அது ‘டொக், டொக்’ என்று பித்தளையில் முட்டிக்கொண்டே வந்தது. நடந்த வேகத்தில் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. முச்சந்தியில் தெருவிளக்கு எரியவில்லை. எரிந்திருந்தாலும் அவர் கண்ணுக்கு அது துருவிய தேங்காயைக் கொட்டி வைத்தது போலத்தான் தெரிந்திருக்கும். திறப்பு இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கவிழ்த்தார். திரும்பி ஓட்டமும் நடையுமாக வருகையில், காலடியில் ஏதோ மெத்தென்று நசுங்கியது. நின்று பார்க்கிற துணிச்சல் இல்லை.

“எங்க போனீங்க? தண்ணிய எங்க ஊத்துனீங்க?” என்றாள் சுமலதா.

“கொல்லைல.”

ஏழு இருபத்தைந்துக்கு, அட்டவணைப்படி, அளவெடுத்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

*

மறுநாள் காலை அந்த முச்சந்தியில் இட்லி சுடும் மீனம்பாள்தான் முதலில் பார்த்தாள். அடுப்பைக் கூட்ட வந்தவள் போட்ட சத்தத்தில் மூன்று தெருவும் விழித்துக்கொண்டது. நாலு எலுமிச்சை மூடி. ஒன்று மிதிபட்டு நசுங்கியிருந்தது. சுற்றிலும் காய்ந்த சிவப்புத் தண்ணீர், ஓரமெல்லாம் வெள்ளை உப்பு பூத்துக் கிடந்தது. நாளை அமாவாசை, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விட ஆரம்பித்தாகிவிட்டது. செய்வினைதான், வேறென்ன சொல்ல வேண்டும்? பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். பள்ளிக்கூட வேன் சுற்றுவழியில் போனது. மீனம்பாளின் இட்லிக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. அந்த இடத்தில் நின்று சாப்பிட யாருக்குத் துணிச்சல்?

கடையில் ஆதிநாராயணன் செய்தியைக் கேட்டபோது, “செஞ்சியில இன்னும் இந்தக் கூத்தா?” என்று பலமாகச் சிரித்தார். சிரிப்பு முடிகிற இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் நீண்டது.

“சிரிக்காதீங்க தலைவரே,” என்றார் பொன்னுசாமி. “உப்பு போட்டு வெச்சிருக்கிறான். சாதாரண ஆளு இல்ல. இன்னொண்ணு சொன்னா டென்சன் ஆவக்கூடாது.”

“எனக்கு இன்னாய்யா டென்சன்?”

“அந்தச் செவப்புத் தண்ணி சொட்டுச் சொட்டா ஒரு வூட்டு வாசல் வரைக்கும் போயிருக்குது.”

“யார் வூடு?”

பொன்னுசாமி மெத்தைக் கடை சிராஜுதீனைப் பார்த்தார். சிராஜுதீன் தொப்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஒங்க வூடுதான் ஆதிண்ணே. எங்க வூட்டுலயும் பொம்பளைங்க பயந்து போயி மந்திரிச்ச தண்ணி தெளிச்சிட்டாங்க. பக்கத்து வூடு பாருங்க.”

ஆதிநாராயணன் மனத்தில் கணக்கு ஓடியது. நேற்று ஏழு மணிக்கு அவர் அங்கே போய் வெறும் தண்ணீரையும் ஒரு தவளையையும் கொட்டினார். அப்படியானால் வைத்தவன் அவருக்கு முன்னே வந்து வைத்திருக்கிறான். இருட்டில் ஓரமாக நின்று அவரைப் பார்த்திருக்கிறான். அவர் காலில் மெத்தென்று நசுங்கியது தவளை அல்ல. மிதித்திருக்கிறார். மிதித்ததை வீட்டுக்குள்ளேயும் நடந்து கொண்டுவந்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால், இன்று காலையிலிருந்து வலது கண் இன்னும் கொஞ்சம் மங்கல்தான்.

“மூடநம்பிக்கை,” என்றார்.

“அதுக்குத்தான் ஒங்களத் தேடி வந்தோம்,” என்றார் பொன்னுசாமி. “வெச்சவன் நாளைக்கு அமாவாசைல கண்டிப்பா மறுபடியும் வருவான். நாங்க மறைஞ்சு நின்னு புடிக்கறதா இருக்கிறோம். நீங்கதான் முன்னால நிக்கணும். ஒங்களுக்குத்தான் பயம்னா இன்னான்னே தெரியாதே.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தோளில் பொன்னாடை போர்த்தாத எந்த மனிதனும் சொல்லியிருப்பான்.

“ஏழரை வரைக்கும் எனக்கு அமைதித் திட்டம் இருக்குது,” என்றார். “அத முடிச்சிட்டு வந்துடறேன்.”

அன்று மாலை சுமலதாவும் பயந்திருந்தாள். “ஏங்க, நேத்து அந்தத் தண்ணிய நெசமாவே கொல்லைலதான ஊத்துனீங்க?” என்று கேட்டாள்.

“பின்ன? ஊத்தறதுக்கு மேல்மலையனூருக்கா போவேன்?”

அவள் நம்பினாள். வாசல்படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கால் ஊறவைக்க அன்றைக்கு அவர் ஒப்பவில்லை. தலை பாரமாக இருக்கிறது என்றார். தெருவில் ஆறு மணிக்கே கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன. பேச்சுச் சத்தம் இல்லை, டி.வி. இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மகள் எதிர்பார்த்த அமைதி அச்சு அசலாக அமைந்திருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் அந்த அமைதி அவர் கழுத்து வரை ஏறியது. பொன்னாடையை மூலையிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்த பிறகு, மூலையில் வேறு ஏதோ நின்றது.

அன்றைய பி.பி. இருநூற்றாறு.

போனில் மகள் கோபப்பட்டாள். “நைனா, கால ஊறவைக்கறதுதான் மெயினே. அத வுட்டா எப்படி? இன்னும் எத்தினி நாள் இருக்குது? ஆபரேஷன் கேன்சலாயிட்டா இன்னா பண்றது?”

‘கேன்சல்’ என்ற சொல் அவருக்கு பஸ்ஸில் கண்ணைப் பொத்திய கையை நினைவுபடுத்தியது.

*

அமாவாசையன்று, கடைத்தெருவில் மலையனூர் போய்த் திரும்பியவர்கள் கையிலெல்லாம் எலுமிச்சம்பழம். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆறரைக்கு ஒளி குறைந்தது. ஆறு நாற்பதுக்கு வாசனை பரவியது. ஆறு ஐம்பதுக்கு சுமலதா அன்னக்கூடையை வைத்து, “இன்னைக்குத் தலை பாரம், கால் பாரம் ஒண்ணும் சொல்லக்கூடாது,” என்று அவர் பாதங்களைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அவர் காத்திருந்தார். நான்கு தெரு தள்ளி எங்கோ உடுக்கைச் சத்தம் கேட்டது.

முட்டியது. வலது காலில் ஒன்று. அதைத் தள்ளினார். இடது காலில் இன்னொன்று. பிறகு இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வேறொன்று. முந்தாநாள் ஒன்றுதான் இருந்தது, இப்போது பெருகியிருக்கிறது. அவர் மிதித்த இடத்திலிருந்து வீட்டுக்குள் வந்து, தண்ணீருக்குள் வந்து, குட்டி போட்டிருக்கிறது. ‘சுமா’ என்று கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மூலையில் நின்றது ஒரு அடி முன்னால் வந்தது. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: முச்சந்தியில் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்.

அன்னக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

முச்சந்தியில் ஒரே இருட்டு. எல்லோரும் மறைந்துதான் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எங்கே என்று தெரியவில்லை. உள்ளே ‘டொக், டொக்’. பொறுக்க முடியாமல் நட்டநடுவில் கவிழ்த்தார். “அய்யோ!” என்று அப்போதுதான் குரல் வந்தது.

“புடி! வுடாத!” ஐந்தாறு டார்ச் ஒரே நேரத்தில் எரிந்தன.

வெளிச்ச வட்டத்தின் நடுவில், சிவப்புத் தண்ணீர் சொட்டும் பித்தளை அன்னக்கூடையோடு, நனைந்த வேட்டியில் செஞ்சி வணிகர் சங்கத் துணைத்தலைவர் நின்றார். அவர் காலைச் சுற்றி நாலு எலுமிச்சை மூடிகள் உருண்டு ஓய்ந்தன.

டார்ச்சுகள் ஒவ்வொன்றாக அவர் முகத்திலிருந்து எலுமிச்சைக்கு இறங்கின.

“ஆதிண்ணே?” என்றார் சிராஜுதீன் கடைசியில். “நீங்களா?”

அவருக்கு முகங்கள் தெரியவில்லை. வெறும் வெளிச்சக் குலைகள் தெரிந்தன. ஆனால் கூட்டம் என்று தெரிந்தது. கூட்டம் என்றால் என்ன செய்ய வேண்டுமென்று அவர் நாக்குக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

“அன்பார்ந்த வணிகப் பெருமக்களே,” என்று அது தொடங்கியது. “மூடநம்பிக்கையின் பிடியில் நம் மக்கள் எந்த அளவுக்கு இருக்கிறார்கள் என்பதைச் சோதிக்கும் ஒரு விழிப்புணர்வு முயற்சியாக…”

பொன்னுசாமி பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் மாலைகூட வந்திருக்கும்.

“இன்னாது, விழிப்புணர்வா?” மீனம்பாள் கரண்டியோடு முன்னால் வந்தாள். “ரெண்டு நாளா என் இட்லிய நாய் தின்னுது மொதலாளி! வாட்ஸ்அப்புல காட்டுனியே, அந்தக் காலு ஊறுன தண்ணியப் பாத்துட்டா ஊரே சுத்திக்கினு போவுது?”

சிராஜுதீன் அவர் பக்கத்தில் வந்து நின்றார். முகம் துடைத்துக்கொள்ளட்டுமென்று இடது பக்கமாகத் தன் துண்டை நீட்டினார். ஆதிநாராயணன் வாங்கவில்லை. இன்னும் கிட்டே நீட்டினார். கன்னத்தில் உரசுகிற தூரம். அவர் திரும்பவில்லை. பேச்சைத் தொடர்ந்துகொண்டிருந்தார். சிராஜுதீன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றி வந்து எதிரில் நின்றார்.

“அண்ணே, ஒரு நிமிசம். என் கையப் பாருங்க. எத்தினி வெரலு?”

“பாய், வெளையாடாத.”

“சும்மா சொல்லுங்கண்ணே.”

பேச்சு நின்றது. அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எந்தச் செயற்குழுவிலும் எந்தத் தீர்மானத்தையும் அவர் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

“மூணு,” என்றார்.

சிராஜுதீன் விரலே காட்டவில்லை. இரண்டு கையாலும் டார்ச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். கைதட்டியவர்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

“துணிக்கடை பொம்மை…” என்று மெல்லச் சொன்னார் பொன்னுசாமி.

“ஒரு கண்ணு சின்ன வயசுலயே போயிடுச்சு,” என்றார் ஆதிநாராயணன். இது சங்கத்துக் குரல் அல்ல. யாரும் கேட்டிராத, சன்னமான குரல். “இன்னொண்ணும் போவுது. ஆபரேசன் பண்ணணும்னா பி.பி. எறங்கணும்ன்றாங்க. எறங்க மாட்டேங்குது. தண்ணில எதுவோ கால முட்டிச்சு, தவளைன்னு நெனச்சிட்டேன். எனக்குப் பயமா இருக்குது பாய். ஆறரைக்கு லைட்ட நிறுத்துனா அவ்ளோ பயமா இருக்குது.”

அதற்குள் சுமலதா செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“கொல்லைல ஊத்துனேன்னு சொன்னீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அன்னக்கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவர் கையைப் பிடித்தாள். தெருவே டார்ச் அடித்துக்கொண்டு அவரை வீடு வரை கொண்டுவந்து விட்டது. எந்த ஊர்வலத்திலும் அவருக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைத்ததில்லை.

*

மறுநாள் மாலை ஆறரைக்குக் கூடத்தில் இரண்டு டியூப் லைட் எரிந்தன. டி.வி.யில் சீரியல் ஓடியது. பொன்னுசாமியும் சிராஜுதீனும் பஸ் ஸ்டாண்டை எங்கே மாற்ற வேண்டுமென்று கத்திக்கொண்டிருந்தார்கள். மீனம்பாள் தன் நஷ்டத்துக்கு அபராதமாக அட்டவணையைக் கேட்டு வாங்கிப் போய்விட்டாள். லேமினேட் செய்தது, அடுப்பு விசிறத் தோதாக இருக்கிறதாம்.

பி.பி. மெஷினை எடுத்ததும் ஆதிநாராயணன் முகம் வெளிறியது.

“இதுக்கா?” என்று சிராஜுதீன் தன் கையை முதலில் நீட்டினார். பட்டை இறுகியது. நூற்று எழுபத்தாறு.

“பாய்! ஒனக்கே நூத்தி எழுவத்தாறா?” ஆதிநாராயணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வேகத்தில் தன் கையை நீட்டினார். நூற்றெழுபது. பொன்னுசாமி பயந்துபோய்த் தன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். அடுத்த நாள் நூற்று அறுபத்திரண்டு. மாத்திரையா, டியூப் லைட்டா, பொன்னுசாமியின் பயத்தைப் பார்க்கிற சுகமா, எது இறக்கியது என்று தெரியவில்லை. பத்தாம் நாள் புதுச்சேரியில் அதே பெண் அளந்தாள். நூற்று நாற்பத்தெட்டு. அவர் “நாராயணா” சொன்னார். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, சத்தமாக.

ஆபரேஷன் முடிந்து அன்றே காரில் கூட்டி வந்தார்கள். வலது கண்ணில் கட்டு. காலையில்தான் பிரிக்க வேண்டும். அதுவரை அவருக்கு முழு இருட்டு. மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. வழியெல்லாம் சுமலதாவின் தலைப்பைப் பிடித்திருந்தார். இம்முறை காற்றைக் காரணம் சொல்லவில்லை.

ஆறரை ஆகியிருக்கும் என்று சீரியல் பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“சுமா, லைட்டு எரியுதா?”

“ரெண்டும் எரியுது.”

“சரி. கால் ஊற வெக்கலாமா?”

அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனாள். அன்னக்கூடை தரையில் உரசி வந்து நின்றது. ஆவி முழங்காலில் பட்டது. பாதத்தைத் தூக்கியவர், தண்ணீருக்கு மேலேயே நிறுத்தினார்.

“இதுல இன்னா கெடக்குது?”

“எலுமிச்சம்பழம்.”

“எத்தினி?”

“நாலு மூடி.”

“எண்ணிக் காட்டு.”

அவள் அவர் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டாள். ஒவ்வொன்றாகத் தேடித் தொட வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது ஓரமாக ஒதுங்கியிருந்தது. அதையும் இழுத்து அவர் விரலில் வைத்தாள். அவர் அதை அழுத்திப் பார்த்தார். விதை வழுக்கியது. எலுமிச்சம்பழம்தான்.

ஒரு காலை உள்ளே வைத்தார்.

“காலைல கட்டப் பிரிப்பாங்க,” என்றார். “பிரிச்சும் ஒண்ணும் தெரியலைன்னா?”

“மொதல்ல இன்னொரு கால வைங்க,” என்றாள் சுமலதா.